சஷ்டியின் நாலாம் நாள்

உ
முருகன் துணை

மஹய்யாவ, கண்டி
30.5.1979

போன வியாழக்கிழமை சாயங்காலம் உங்கள் மகளுக்கு வலி கண்ட நேரம் வீட்டில் இருந்தவர்கள்: நான், கடையிலிருந்து தேத்தண்ணி குடிக்க வந்த என் வீட்டுக்காரர், முருங்கைக்கீரை கேட்டு வந்து நின்ற பக்கத்து வீட்டுக் கத்தரீனா, உங்கள் மகள் இராஜகுமாரி. என் மகன் லெட்சுமணன் கந்தோர் வேலை முடிந்து வந்திருக்கவில்லை. வேறு ஒருவரும் இல்லை.

சம்பந்தி அம்மா ஞானேஸ்வரிக்கு வடிவம்மா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். படுக்கையில் கிடக்கும் சம்பந்தி ஐயாவுக்கு இப்போது கை கால் கொஞ்சமாவது அசைகிறதா?

ஆட்களின் பெயரை முதலில் எழுதியதற்குக் காரணம் உண்டு. நாங்கள் கொடுத்த தந்தியைப் பார்த்துவிட்டு வந்த உங்கள் தம்பி, எங்கள் கடையில் நாலு பேர் சாமான் வாங்கிக்கொண்டு நிற்கும்போது, "மாமியார் வேலை வாங்கினதாலதான் அக்கா மகளுக்கு வலி வந்திருக்குனு அக்கா சொல்றாங்க" என்றாராம். பார்த்தவர்கள் யார் யார் என்று எழுதிவிட்டேன். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவள் கதிரையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அதுவும் நான் சொல்லி இல்லை. "அத்தை, வயிறு கல்லாட்டம் இறுகி இறுகி விடுது" என்றாள். சூட்டு வலியாக இருக்கும் என்று சீரகத் தண்ணி கொதிக்கவைத்துக் கொடுத்தேன். சூட்டு வலி என்றால் அதில் அடங்கும். அடங்கவில்லை. கத்தரீனா ஆஸ்பத்திரியில் அட்டென்டன் வேலை செய்கிறவள், ஹயரிங் கார் பிடித்து நேரே வார்டுக்குக் கூட்டிப்போனாள். கட்டிலின் கால்மாட்டை உயர்த்திப் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். விடியும்போது வலி நின்றது. பிள்ளை வர இன்னும் காலம் இருக்கிறது, எழும்பாமல் கிடக்கட்டும், மணிக்கு நாலு தடவைக்கு மேல் இறுகினால் உடனே கொண்டுவாருங்கள் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவும் செய்தது அந்த வேலை வாங்குகிற மாமியார்தான்.

இப்படிக்கு,
வடிவம்மா


பதுளை
6.6.1979

சம்பந்தி அம்மாவுக்கு ஞானேஸ்வரி வணக்கம் சொல்லி எழுதுவது. இவருக்கு இடது கை அப்படியேதான். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

தம்பி சொன்னதை நான் சொல்லவில்லை என்று எழுதமாட்டேன். சொன்னேன். அவன் கடையில் வைத்துச் சொன்னது தப்பு.

நீங்கள் போட்ட பட்டியலைப் படித்தேன். கீரைக்கு வந்தவள் பெயர்கூட இருக்கிறது. பெற்றவள் பெயர் இல்லை. இல்லாமல் செய்தது யார்? வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்புவது நம்ம சனத்தில் எல்லா வீட்டிலும் நடக்கிறது. நீங்கள் சபையில் எழும்பி நின்று, "படுக்கையில ஒரு ஆள வச்சிக்கிட்டு இன்னொரு ஆளையும் இவங்க எப்படிப் பாப்பாங்க" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அது போகட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆடி பாதி போகும்வரை அவளைக் குனிய விடாதீர்கள், தண்ணி தூக்க விடாதீர்கள், மாடிப்படி ஏற விடாதீர்கள். பிள்ளை அதுவரை வயிற்றிலேயே இருக்கட்டும்.

ஞானேஸ்வரி


மஹய்யாவ
13.6.1979

சம்பந்தி அம்மாவுக்கு. எல்லோரும் சுகம். ஐயாவுக்குக் கந்தசுவாமி கோயில் திருநீறு இதில் மடித்து வைத்திருக்கிறேன், நெற்றியில் பூசிவிடுங்கள்.

ஆடியா? எந்த ஊர்க் கணக்கு அது?

எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும் இருபத்தேழு வருஷமாக என் கையால் எழுதுகிறேன், ஒரு நாள் பிசகியதில்லை. கேட்டுக்கொள்ளுங்கள். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை உங்கள் மகள் வீட்டுக்குத் தூரமாகி வெளியே உட்கார்ந்தாள். அடுத்தது வரவேண்டியது கந்தசஷ்டி வாரத்தில். போன வருஷத்து விரதத்தை நான் பேரப்பிள்ளைக்கென்றுதான் எடுத்தேன், கோயிலில் எல்லோருக்கும் தெரியும். ஆறு நாளும் விடிய முன்னே தலை முழுகி, ஈரத்தலையோடு என் பக்கத்தில் நின்று அவளும் விரதம் பிடித்தாள். தூரமாக வேண்டியவள் ஆகவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை சாமி அறைக்கு வெளியே அவள் நின்றதே இல்லை. சஷ்டியில் தங்கிய பிள்ளை இது. முருகன் கொடுத்தது. பையன் பிறந்தால் சண்முகநாதன் என்று பெயரும் சொல்லிவைத்திருக்கிறேன்.

கிளினிக்கில் நர்ஸ் மிஸ் தேதி கேட்டபோது உங்கள் மகள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் சொல்லிக் கார்டில் எழுதவைத்தேன். அந்தக் கணக்குக்கு ஆனி கடைசியில் பிரசவம். இந்த மாதம் இருபத்து மூன்றாம் தேதி தாண்டினால் பிள்ளை முற்றிவிடும், அதற்குப் பிறகு வலி வந்தால் நிறுத்த மாட்டோம், பெற்றுக்கொள்ளலாம் என்று டொக்டர் கார்டைப் பார்த்துத்தான் சொன்னார்.

அதுவரை படுத்திருக்கட்டும். பிறகு எழுப்பி நடக்கவைப்பேன், கூட்டிப் பெருக்கவைப்பேன். ஆனி பதினைந்து வெள்ளிக்கிழமை விடியற்காலையில் விளக்கெண்ணெய் கொடுப்பேன். என் மாமியார் எனக்குக் கொடுத்தார், லேசாகப் பெற்றேன்.

வடிவம்மா


மஹய்யாவ
15.6.1979

அன்புள்ள அம்மாவுக்கு குமாரி எழுதுவது. அப்பாவுக்கு என் முத்தம். நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் ஆசை.

கடிதத்தை அத்தை கோயிலுக்குப் போன நேரத்தில் எழுதுகிறேன்.

ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவையாவது வயிறு இறுகுகிறது. வலி பெரிதாக இல்லை, உள்ளே யாரோ முட்டியை மடக்குவது மாதிரி. இறுகும்போது இடது பக்கம் திரும்பிப் படுத்து, நிறையத் தண்ணி குடித்தால் அடங்குகிறது. அத்தை பக்கத்திலேயே இருக்கிறார். என் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, இறுகும்போதெல்லாம் ருத்திராட்ச மாலையில் ஒரு மணி தள்ளுகிறார். ஒரு மணி நேரத்தில் நாலைத் தாண்டினால் ஆஸ்பத்திரி என்று கார்க்காரனிடம் சொல்லிவைத்திருக்கிறார். பாத்திரம் கழுவுகிறது, என் துணி துவைக்கிறது எல்லாம் அவர்தான். வாய் மட்டும் அப்படியே. "உங்கம்மா ஒனக்குத் தண்ணி குடிக்கக்கூடவா சொல்லிக் குடுக்கல" என்கிறார், சொல்லிக்கொண்டே கோப்பையை வாயில் வைக்கிறார்.

அதனால்தான் அம்மா எனக்கு இன்னும் பயம். கார்டில் இருப்பது ஒரு மாதம் கூட. சஷ்டி நாலாம் நாள் காலையில் நான் தூரமானேன். "இந்த விரதம் பேரப்பிள்ளைக்கு" என்று கோயில் முழுக்கச் சொல்லி வைத்தவரிடம் அதை எப்படிச் சொல்வேன்? வாயைத் திறக்காமல் நின்றுவிட்டேன். விளக்கேற்றினேன். ஆறாம் நாள் படையலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கிண்டியதும் நான்தான். வளைகாப்பன்றைக்கு உங்களிடம் சொன்னதோடு சரி, உங்கள் மருமகனுக்குக்கூடத் தெரியாது. டொக்டரிடம் சொன்னால் கத்தரீனா அக்கா காதில் விழும், பிறகு ஊருக்கே தெரியும்.

தேதியைச் சொல்லிவிடாதீர்கள். விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம் என்று எப்படியாவது எழுதுங்கள். இப்போது பிறந்தால் பிள்ளை பிழைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மகள்,
குமாரி


பதுளை
19.6.1979

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம். திருநீறு கிடைத்தது, இவருக்குப் பூசினேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

உங்கள் கணக்கில் நான் குறை சொல்லவில்லை. இங்கே ஒரு ஜோசியரிடம் குமாரியின் சாதகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். இந்த ஆனியில் பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு ஆகாது என்கிறார். ஆடியில் பிறந்தால் தோஷம் இல்லையாம். உங்கள் மகனை உத்தேசித்துத்தான் சொல்கிறேன்.

ஆகையால் எண்ணெய் வேண்டாம். கூட்டிப் பெருக்கவும் வேண்டாம். தானாக வருகிற நாளில் வரட்டும். நீங்கள் சாமிக்குப் பயந்தவர், இதற்கு மறுப்புச் சொல்லமாட்டீர்கள்.

பதில் எழுதுங்கள்.

ஞானேஸ்வரி


மஹய்யாவ
23.6.1979

சம்பந்தி அம்மாவுக்கு. முழங்கால் அப்படியேதான். கேட்டதற்கு நன்றி.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே கோயில் ஐயரிடம் போனேன். என் மகனின் சாதகம், மருமகளின் சாதகம் இரண்டையும் வைத்துப் பார்த்தார். ஆனியில் ஒரு தோஷமும் இல்லை என்றார். "ஆடியில பெறட்டும்னு ஆசப்படுற தாய நான் இன்னைக்குத்தாம்மா கேள்விப்படுறேன்" என்றும் சொன்னார். ஆடி ஆகாதென்றுதான் ஊரில் புருஷன் பெண்டாட்டியைக்கூடப் பிரித்துவைக்கிறார்கள். நீங்கள் ஒருத்திதான் ஆடி வேண்டும், ஆடி வேண்டும் என்கிறீர்கள்.

என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்கு விளங்காமல் இல்லை. நாளைத் தள்ளிக்கொண்டே போனால் அவளை அங்கே கூட்டிப்போகலாம், தலைப்பிள்ளை உங்கள் வீட்டில் பிறந்தது என்று பேர் எடுக்கலாம். அதற்கு என் மகன் ஆயுசை இழுத்துப் பேசுகிறீர்கள். சாமி பெயரைச் சொல்லிப் பயம் காட்டினால் நான் நம்புவேன் என்று பார்த்தீர்கள்.

இன்றைக்குத்தான் டொக்டர் சொன்ன நாள். காலையில் அவளை எழுப்பி வாசல்வரை நடத்தினேன். மூன்று தடவை இறுகியது. ருத்திராட்ச மாலையில் மணி தள்ளுவதை இன்றோடு விட்டுவிட்டேன், இனி இறுகினால் நல்லதுதான்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் கொடுப்பேன். இதற்கு நீங்கள் பதில் எழுதத் தேவையில்லை.

வடிவம்மா


பதுளை
28.6.1979

சம்பந்தி அம்மா,

தபாலில் போட்டால் பிந்தும் என்று தம்பியை ராத்திரி ரயிலில் அனுப்புகிறேன். நலம் விசாரிக்க நேரம் இல்லை, மன்னியுங்கள்.

ஜோசியர் கதை பொய். நான் எந்த ஜோசியரிடமும் போகவில்லை.

சஷ்டி நாலாம் நாள் குமாரி தூரமானாள். உங்களுக்குச் சொல்லப் பயந்து, தூரமானவள் செய்யக்கூடாத எல்லாவற்றையும் செய்துகொண்டு நின்றாள். பிள்ளை தங்கியது அதற்குப் பிறகுதான். கார்டில் உள்ள தேதி ஒரு மாதம் பிசகு. வயிற்றில் இருப்பது எட்டாம் மாதப் பிள்ளை. அதற்கு இன்னும் மூச்சு முற்றியிருக்காது.

தேதி தப்பு என்று தெரியாவிட்டால் டொக்டர் வலியை நிறுத்த மாட்டார். நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். அவள் சொல்ல மாட்டாள், உங்களுக்குப் பயந்து செத்தாலும் சொல்ல மாட்டாள்.

அவளைத் திட்டாதீர்கள். என்னைத் திட்டுங்கள். ஏசிக் கடிதம் எழுதுங்கள், வாசிக்கிறேன். எண்ணெய் மட்டும் கொடுக்காதீர்கள்.

ஞானேஸ்வரி


பதுளை
16.7.1979

சம்பந்தி அம்மாவுக்கு ஞானேஸ்வரி எழுதுவது. உங்கள் எல்லோருக்கும் சுகம் உண்டாகட்டும்.

கடிதத்தை உங்கள் கையில் கொடுத்ததும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டீர்கள் என்று தம்பி வந்து சொன்னான். அவனுக்கு ஒரு வாய்த் தண்ணிகூடக் கொடுக்கவில்லையாம். சரி. அதன் பிறகு மருமகன் அனுப்பிய ஒரு தந்தி மட்டும் வந்தது. "குமாரி ஆஸ்பத்திரியில், பிள்ளை இன்னும் பிறக்கவில்லை." அதையே வைத்து இரண்டு கிழமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

குமாரிக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. நீங்கள் கொடுக்கவில்லையா, அவள் எழுதவில்லையா தெரியாது. இவரை விட்டுவிட்டு ஒரு நாள்கூட என்னால் வர முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு இப்படிச் செய்வது பாவம்.

என்னோடு பேச வேண்டாம். அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு தபாலட்டை போட்டால் போதும்.

ஞானேஸ்வரி


உ
முருகன் துணை

மஹய்யாவ
14.8.1979

சம்பந்தி அம்மா ஞானேஸ்வரிக்கு வடிவம்மா எழுதுவது. தாயும் பிள்ளையும் சுகம். பையன் பிறந்த செய்தி தந்தியில் கிடைத்திருக்கும். ஆறு ராத்தல் இருக்கிறான். அழுகை பெரிய அழுகை. ஐயாவிடம் காதோடு சொல்லுங்கள், அவருக்கு விளங்கும்.

உங்களுக்கு ஏன் எழுதவில்லை என்றால், எழுத உட்கார்ந்தால் வேறு என்னென்னவோ எழுதியிருப்பேன். அதனால் பேனாவை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நீங்கள் குமாரிக்குப் போட்ட கடிதங்களும் அங்கேதான் இருக்கின்றன, பிரிக்கவில்லை. நேற்று அவள் கையில் கொடுத்தேன்.

உங்கள் தம்பி வந்தபோது நான் எண்ணெய் கொடுத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. கொடுத்து முடிந்த பிறகு தகராறு எதற்கென்றுதான் கதவைச் சாத்தினேன். நின்றபடியே கடிதத்தைப் படித்தேன். பிறகு சாமி அறை வாசலில் உட்கார்ந்தேன். உள்ளே போகவில்லை. பத்து மணிக்கு அவளுக்கு வலி கண்டது.

வார்டில் மிஸ் கார்டைப் பார்த்துவிட்டு, "நாள் சரியா இருக்கும்மா, பயப்படாதீங்க, பிரசவ அறைக்குக் கொண்டு போறோம்" என்றார். தள்ளுவண்டியைத் திருப்பிவிட்டார்கள். நான் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தேதி நான் சொன்னது, தப்பு, ஒரு மாதத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எண்ணெய் கொடுத்ததையும் சொன்னேன்.

"ஒரு மாசமா? எப்படீம்மா ஒரு மாசம் பிசகும்?" என்று மிஸ் கேட்டார்.

"படிக்காத பொம்பள மிஸ். எனக்குக் கணக்கு வராது" என்றேன்.

கத்தரீனா வண்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது மஹய்யாவ முழுக்க வடிவம்மாவுக்குக் கணக்கு வராது. கடைக்கு வருகிறவர்கள் மீதிக் காசை இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிறார்கள்.

குமாரி வண்டியில் படுத்தபடி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவளிடம் இன்றுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்களும் எனக்குச் சொன்னதாக அவளுக்கு எழுத வேண்டாம். ஊகித்திருப்பாள், இருக்கட்டும்.

டொக்டர் கோபமாகத்தான் இருந்தார். வயிற்றை அளந்து பார்த்தார், சின்னதுதான் என்றார், ஊசி போட்டு மறுபடி கால்மாட்டை உயர்த்தினார்கள். இரண்டு நாள் போராட்டம். மாலையை எடுத்துக்கொண்டு போய் வார்டு வாசலில் உட்கார்ந்து மணி தள்ளினேன். இறுக்கத்தை எண்ண உள்ளே விடமாட்டார்கள், அதனால் வெறும் முருகன் பெயரைச் சொல்லித் தள்ளினேன். வலி நின்றது. ஐந்து கிழமை அங்கேயே கிடந்து, ஆடி இருபத்திரண்டில், ஆமாம், நீங்கள் கேட்ட ஆடியில், பெற்றாள்.

சஷ்டியில் நடந்ததற்குக் கோயிலில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். ஐயர் காரணம் கேட்டார், சொல்லவில்லை. அந்தச் சர்க்கரைப் பொங்கலை என் கையால் எத்தனை பேருக்குக் கொடுத்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது. அவள் சின்னப்பிள்ளை, பயந்தாள். நீங்கள் வளைகாப்பிலிருந்து தெரிந்து வைத்துக்கொண்டு, என் மகன் ஆயுசை வைத்து எனக்கு ஜோசியம் எழுதினீர்கள். அதை நான் மறக்க மாட்டேன். நேரில் வந்தாலும் முகத்துக்கு நேரே இதைத்தான் சொல்வேன்.

இப்போது கடிதம் எழுதும் காரணம் வேறு.

வருகிற மாதம் ஆறாம் தேதி பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள். பெயர் வைக்க வேண்டும். சண்முகநாதன் என்று கோயிலில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. சஷ்டியில் தங்கிய பிள்ளை என்றுதான் அந்தப் பெயரைச் சொன்னேன். சஷ்டியில் தங்கவில்லை. விரதமும் சுத்தமாக முடியவில்லை. ஆனால் எண்ணெய் குடித்த வயிற்றில் ஐந்து கிழமை நின்ற பிள்ளை. ராத்திரி பகலாக யோசிக்கிறேன், எனக்குப் பிடிபடவில்லை. ஐயரிடம் கேட்க முடியாது. மகனிடமும் முடியாது. குமாரியிடம் கேட்கவே முடியாது. விஷயம் தெரிந்தவர் நீங்கள் ஒருத்திதான்.

அந்தப் பெயரை வைக்கலாமா, வேண்டாமா? ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

வடிவம்மா